யாரோ அடுக்கிய அஞ்சறைப் பெட்டி

கணினியை அணைப்பதற்கே ஒரு ரகசியம் தெரிந்திருக்க வேண்டிய காலம் ஒன்று லினக்ஸ் உலகில் இருந்தது. 2011 ஏப்ரல் 6ஆம் தேதி வெளிவந்த க்னோம் 3 டெஸ்க்டாப்பின் மேல்வலது மூலையைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். கணினியை உறங்க வைக்க அதில் வழி இருந்தது, வெளியேற வழி இருந்தது. அணைக்க வழி இல்லை. பட்டியல் திறந்திருக்கும்போதே விசைப்பலகையில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால், 'உறங்கவை' என்றிருந்த வரி 'அணை' என்று மாறும். இதை எங்கேயாவது படித்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மடிக்கணினியை இப்போது யார் அணைக்கிறார்கள், மூடி வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. மடிக்கணினிக்காரர்களைப் பொறுத்தவரை அது சரியான கணக்குதான். மேசைக் கணினி வைத்திருப்பவர்களும், மின்கட்டணத்தைப் பார்த்துச் செலவழிப்பவர்களும், படுக்கப் போகும்முன் எல்லா சுவிட்சையும் அணைத்துப் பழகியவர்களும் அதில் வரவே இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, 2012 செப்டம்பரில் வந்த 3.6 பதிப்பில் அந்த வரி தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

சின்ன விஷயம்தான். ஆனால் 20 ஆண்டுகளுக்கும் மேலாக லினக்ஸ் டெஸ்க்டாப் பயனர்களிடம் புகைந்துகொண்டிருக்கும் ஒரு கோபத்தின் முழு வடிவமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. நேற்றுவரை என் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடிந்ததை இன்று ஏன் மாற்ற முடியவில்லை என்பதே அந்தக் கோபம். விண்டோஸை மட்டுமே பார்த்தவர்களுக்கு இங்கே கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கும். லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அந்த நிரல் வன்பொருளோடு பேசும் அஸ்திவாரம் மட்டுமே. திரையில் நாம் பார்க்கிற பட்டைகள், பட்டியல்கள், சாளரங்கள், கோப்புறைகள் எல்லாம் சேர்ந்த டெஸ்க்டாப் என்பது வேறு ஆட்கள் எழுதும் வேறு மென்பொருள். ஒரே அஸ்திவாரத்தின் மேல் பல விதமான வீடுகள் கட்டலாம், கட்டியிருக்கிறார்கள். 1996இல் மத்தியாஸ் எட்ரிக் தொடங்கிய கேடிஇ ஒரு வீடு. 1997இல் மிகேல் தெ இகாசாவும் பெதெரிகோ மேனாவும் தொடங்கிய க்னோம் இன்னொரு வீடு. அஸ்திவாரத்தையும் டெஸ்க்டாப்பையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புகளை வழங்கல்கள் என்பார்கள்; அவற்றில் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகிய மூன்றும் முதன்மையாகத் தருவது க்னோமைத்தான். ஆகவே க்னோமில் ஒரு ஆணியைப் பிடுங்கினால் லினக்ஸ் உலகில் பாதி வீடுகளின் சுவரில் மாட்டியிருந்த படம் கீழே விழும்.

க்னோம் ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. அதன் முதல் தலைமுறை, எதைத் தொட்டாலும் மாற்றலாம் என்ற கொண்டாட்டத்தில் பிறந்தது. சாளரங்களின் விளிம்பையும் அசைவையும் கவனிக்கும் சாளர மேலாளர் என்ற பகுதியையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். என்லைட்டன்மென்ட் என்ற ஒன்று இருந்தது, பிறகு சாஃபிஷ் என்ற ஒன்று வந்தது. சாஃபிஷின் நடத்தையை லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதியே மாற்றலாம். அமைப்புப் பெட்டிகள் பக்கம் பக்கமாக விரிந்தன. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதுவரை க்னோமைப் பார்த்திராத ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோதுதான், ஆக்கியவர்களுக்குச் செல்வமாகத் தெரிந்த பலவும் புதியவர்களுக்குக் குழப்பமாகத் தெரிந்தன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு, க்னோம் ஆக்குநர்களில் முக்கியமானவரான ஹாவோக் பெனிங்டன் ஒரு கட்டுரை எழுதினார். இன்றுவரை இந்த விவாதத்தின் ஒரு தரப்புக்கு அதுதான் மூலநூல். ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு விலை இருக்கிறது, அந்த விலை நம் கண்ணில் படுவதில்லை என்பதே அதன் சாரம்.

அந்த வாதத்தைக் கேலி செய்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் அதைப் படித்ததில்லை என்றே சொல்வேன். ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் ஒரு பொத்தானைச் சேர்த்தால் மென்பொருள் இரண்டு நிலைகளில் இயங்கக்கூடும். பத்துப் பொத்தான்கள் என்றால் 1,024 நிலைகள். இருபது என்றால் பத்து லட்சத்துக்கும் மேல். இவ்வளவையும் சோதித்துப் பார்க்கும் ஆள்பலம் உலகில் எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. சம்பளமில்லாத தன்னார்வலர்களை நம்பியிருக்கும் திட்டத்துக்கு எங்கிருந்து வரும்? இதைவிட நுட்பமான இன்னொரு கவனிப்பும் பெனிங்டனிடம் உண்டு. இரண்டு ஆக்குநர்கள் சண்டை போட்டுக்கொள்ளும்போது, எது சரி என்று யோசித்து முடிவெடுப்பதற்குப் பதில் இரண்டையும் வைத்து நடுவே ஒரு பொத்தானைப் போட்டுவிடுகிறார்கள். பல பொத்தான்கள் உண்மையில் சரிசெய்யப்படாத பிழைகளுக்குப் போட்ட ஒட்டு. மென்பொருள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்றால் இதை அழுத்து என்று ஒரு பொத்தான் இருக்குமானால், அது எதற்கு? எப்போதும் ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் போகட்டுமே! இதில் மறுக்க எதுவும் இல்லை. 2002 ஜூனில் வந்த க்னோம் 2 இந்தக் கொள்கையின்படி தேவையற்றவற்றை வெட்டித் தள்ளியது.

வெட்டியதும் கூச்சல் எழுந்தது. 2005 டிசம்பரில் டோர்வால்ட்ஸே க்னோம்காரர்களின் பொதுவிவாதத்துக்குள் நுழைந்து, பயனர்களை முட்டாள்களாக நினைக்கும் மனப்பான்மை இது, எல்லோரும் கேடிஇக்குப் போய்விடுங்கள் என்ற அளவில் வறுத்தெடுத்தார். அச்சிடும்போது வரும் பெட்டியில் வேண்டிய தேர்வுகள் இல்லாததுதான் அன்றைக்குப் பற்றிக்கொண்ட பொறி. அதோடு நிற்காமல் 2007இல், சாளரத்தின் தலைப்புப் பட்டையைச் சுட்டியால் சொடுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பயனரே தீர்மானிக்கும்படி நிரலைத் திருத்தியும் அனுப்பிவைத்தார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2008 ஜனவரியில் வெளிவந்த கேடிஇ 4.0 அரைகுறையாக இருந்ததால் அதை விட்டு அவர் க்னோமுக்கு வந்தார். 2011இல் க்னோம் 3 பிடிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்புக்குப் போனார். 2013 வாக்கில் மறுபடியும் க்னோமுக்கே திரும்பினார், வெறும் க்னோமுக்கு இல்லை, நீட்டிப்புகளைப் போட்டு மாற்றியமைத்த க்னோமுக்கு. லினக்ஸைப் படைத்தவரே குடக்கூலிக்கு வீடு தேடி அலைந்தார் என்றால் மற்றவர்கள் பாட்டைக் கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். 2002இல் தேர்வுகளை வெட்டிவிட்டது என்று திட்டு வாங்கிய அதே க்னோம் 2தான், 2011இல் மறைந்தபோது ஊரே ஒப்பாரி வைத்து அழுத டெஸ்க்டாப். இதை வைத்துக்கொண்டு ஆக்குநர் தரப்பில் ஒரு வாதம் சொல்வதுண்டு: மனிதர்கள் எந்த மாற்றத்தையும் முதலில் திட்டுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள், அடுத்த மாற்றம் வரும்போது பழையதைப் புகழ்வார்கள், ஆகவே திட்டுவதைப் பொருட்படுத்த வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வெட்டுகளும் ஒரே வகையானவை என்று அது எடுத்துக்கொள்கிறது; அங்கேதான் தவறு. க்னோம் 2 பொத்தான்களைக் குறைத்தது, மூட்டுகளை அப்படியே விட்டுவைத்தது. மேல்பட்டையைக் கீழே இழுத்துப் போடலாம், பக்கவாட்டில் நிறுத்தலாம், இன்னொரு பட்டை சேர்க்கலாம், அதில் வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைப் பொருத்தலாம். சாளர மேலாளரைக் கழற்றி மாற்றலாம். 2006இல் கம்ப்பிஸ் என்ற சாளர மேலாளர் வந்து, பணியிடங்களைக் கனசதுரத்தின் பக்கங்களாக்கிச் சுழற்றிக் காட்டியபோது அதைப் பார்ப்பதற்கென்றே லினக்ஸுக்கு வந்தவர்கள் பலர். கம்ப்பிஸ் க்னோமின் உறுப்பே இல்லை. சாளர மேலாளர் என்ற நாற்காலி காலி செய்யக்கூடியதாக இருந்ததால் அது வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

க்னோம் 3 அந்த நாற்காலியைத் தரையோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டது. மேல்பட்டை, சாளர மேலாளர், அறிவிப்புகள், பணியிடக் காட்சி எல்லாம் ஒரே நிரலாக, க்னோம் ஷெல் என்ற பெயரில், ஒன்றாக இயங்கத் தொடங்கின. இதனால் கிடைத்த நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பகுதிகள் ஒன்றையொன்று அறிந்திருப்பதால் அசைவுகள் வழுவழுப்பாயின. தொடுதிரையும் தொடுபலகைச் சைகைகளும் ஒழுங்காக வேலை செய்தன. முதல்முறை பார்ப்பவர் கண்ணுக்குத் திரை சுத்தமாக இருந்தது. ஆனால் அதன்பிறகு தேர்வு ஒன்றை நீக்குவது முன்பு நீக்கியது போன்ற செயலாக இல்லை. க்னோம் 2இல் ஒரு வசதியைப் பறித்தால் பக்கத்தில் இருந்து இன்னொரு பகுதியைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம். க்னோம் 3இல் பறித்தால் பறித்ததுதான். எரிச்சலின் வேர் பொத்தான்களின் எண்ணிக்கையில் இல்லை என்பதே என் வாதம். கழற்றி மாட்டக்கூடிய பொருள் ஒன்று கழற்ற முடியாத பொருளாக மாறிப்போனதில்தான் அது இருக்கிறது.

பறிபோனவற்றை அடுக்கினால் பக்கம் போதாது. சிலவற்றைச் சொன்னால் தன்மை விளங்கும். 2011இல் சாளரங்களிலிருந்து சிறிதாக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் மறைந்து மூடும் பொத்தான் மட்டும் மிஞ்சியது. இன்றும் தூய க்னோமின் இயல்புநிலை அதுதான். 2012இல் கோப்பு மேலாளரிலிருந்து திரையை இரண்டாகப் பிரித்து இரு கோப்புறைகளை அருகருகே வைக்கும் வசதி போயிற்று. 2013இல் முனையச் சாளரத்தின் ஒளிபுகும் பின்னணி போயிற்று. ஃபெடோராவும் உபுண்டுவும் தங்கள் பங்குக்கு நிரலை ஒட்டுப்போட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தன. 2017இல் பின்னணியில் ஓடும் செயலிகள் தங்கள் இருப்பைக் காட்டும் சிறு சின்னங்களுக்கான இடம் போயிற்று. 2018இல் டெஸ்க்டாப்பின் மேல் கோப்புகளை வைக்கும் வழக்கமே போயிற்று. இதற்கு அஞ்சி உபுண்டு 18.04 பழைய கோப்பு மேலாளரையே வைத்துக்கொண்டது. டெஸ்க்டாப் என்று பெயர் வைத்துவிட்டு அதன்மேல் ஒரு காகிதம்கூட வைக்கக்கூடாது என்பது கொஞ்சம் அதிகம்தான்.

தமிழில் கணினியைப் புழங்குபவர்களுக்கு இதில் தனியாக ஒரு பாடு உண்டு. இடைமுக எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் இடம் க்னோம் 3இன் அமைப்புகளிலிருந்து வெளியேறி, தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய ட்வீக்ஸ் என்ற கருவிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த வரி உயரத்தில் மேலே புள்ளியும் சுழியும் கீழே வாலும் கொண்ட எழுத்து மூச்சுத் திணறும்போது, எழுத்துருவை மாற்றுவது அலங்காரம் இல்லை, படிக்க முடிவதற்கான வழி. விசைப்பலகையும் இப்படித்தான். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நாளுக்கு நூறு முறை தாவுகிறவர் எந்த விசைகளால் தாவ வேண்டும் என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்த விஷயம். ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தித் தாவுவது போன்ற பழைய தேர்வுகளும் அதே ட்வீக்ஸுக்குள் ஒதுங்கின. எல்லோருக்கும் ஒரே எளிய அமைப்பு என்று சொல்லும்போது அந்த 'எல்லோரும்' ஒரே மொழியில், ஒரே விசைப்பலகையில் எழுதுகிறவர்களாகவே பெரும்பாலும் கற்பனை செய்யப்படுகிறார்கள்.

ஒரு சமையலறையை எண்ணிப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியில் கடுகு எந்தக் குழியில், சீரகம் எந்தக் குழியில் என்று அங்கே சமைக்கிறவர் பார்ப்பதே இல்லை. கை தானாகப் போகிறது, கண் அடுப்பில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, அழகாக, ஒருவேளை முன்பைவிடவும் அறிவார்ந்த முறையில் அடுக்கிவைத்துவிட்டுப் போனால், அடுத்த ஒரு மாதம் அங்கே தாளிப்பது தீயும். புதிதாகச் சமைக்க வருகிறவருக்கு அந்த அடுக்கு உண்மையிலேயே உதவும் என்பதும் சரிதான். பெனிங்டன் தேர்வைச் சேர்ப்பதற்கு விலை உண்டு என்று சரியாகக் கண்டுபிடித்தார். நீக்குவதற்கும் விலை உண்டு என்ற மறுபக்கத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கணக்கில் எழுதவே இல்லை. சேர்த்தால் விலை கொடுப்பவர் ஆக்குநர். அவர் கணக்குப் புத்தகத்தில் அது பதிவாகிறது. நீக்கினால் விலை கொடுப்பவர் பயனர். இழந்த அரைமணி நேரங்களும் மறுபடி பழக்க வேண்டிய விரல்களும் யாருடைய புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதப்படும் கணக்கில் நீக்குவது எப்போதும் லாபமாகத்தான் தெரியும்.

அந்த விலை எங்கே போய்த் தேங்கியது என்பதற்கு நீட்டிப்புகளே சான்று. க்னோம் ஷெல்லுக்குள் சிறு நிரல்களைச் செருகி, பறிபோனவற்றைத் திரும்பப் பெறவோ புதியவற்றைச் சேர்க்கவோ செய்யலாம். இதற்கென்று க்னோமே 2011 இறுதியில் ஒரு தளத்தைத் திறந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் நீட்டிப்புகள் பற்றிக்கொள்ள நிலையான கைப்பிடி எதுவும் தரப்படவில்லை. அவை ஷெல்லின் உள்நிரலையே நேரடியாகப் பிடித்து வளைக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வருகிறது, உள்நிரல் மாறுகிறது, நீட்டிப்பு உடைகிறது. 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45 நிரல்களை ஏற்றும் முறையையே மாற்றியதால் அதுவரை இருந்த ஒவ்வொரு நீட்டிப்பையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. சம்பளமில்லாமல் மாலைநேரங்களில் எழுதுகிறவர்கள் சிலர் திருத்தினார்கள், சிலர் கைவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு க்னோமே ஒரு கருவியை வெளியிட்டு, விரும்பியவர்களின் கணினி அமைப்புகளைத் திரட்டியது. 2,500க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தனர். அவர்களில் 83 விழுக்காட்டினர் ஒரு நீட்டிப்பாவது போட்டிருந்தார்கள். மிக அதிகமாகக் காணப்பட்ட நீட்டிப்பு எது தெரியுமா? 2017இல் பறிபோன அந்தச் சிறு சின்னங்களைத் திரும்பக் கொண்டுவரும் நீட்டிப்பு.

தாமாக முன்வந்து தரவு கொடுத்தவர்கள் ஆர்வலர்கள், சாதாரணப் பயனர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். க்னோம்காரர்களே அந்த எச்சரிக்கையோடுதான் முடிவுகளை வெளியிட்டார்கள், அது நேர்மை. ஆனால் லினக்ஸ் டெஸ்க்டாப்பை நிறுவி, பயன்படுத்தி, பக்கத்து வீட்டாருக்கும் போட்டுக்கொடுத்து, பிழை கண்டால் எழுதி அனுப்புகிறவர்கள் அந்த ஆர்வலர்கள்தானே. கடையில் போய்க் கணினி வாங்கினால் லினக்ஸ் தானாக வருவது அபூர்வம். சிரமப்பட்டுத் தேடி வருகிறவர்களை ஒதுக்கிவிட்டு, இன்னும் வராத ஒருவருக்காக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு வாதம், ஒரு வசதியை ஐந்து பேர்தான் பயன்படுத்துகிறார்கள், ஆகவே நீக்கலாம் என்பது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வசதிக்கும் ஐந்து பேர்தான். ஆனால் இந்த வசதிக்கான ஐந்து பேரும் அந்த வசதிக்கான ஐந்து பேரும் ஒரே ஆட்கள் இல்லை. இருபது வசதிகளை இப்படி நீக்கினால் நூறு பேரின் வேலை கெடும், ஒவ்வொரு தீர்மானமும் மிகச் சிறுபான்மையையே பாதித்ததாகக் கோப்பில் இருக்கும்.

இலவசமாகக் கிடைக்கிறது, பிடிக்காவிட்டால் நீயே எழுதிக்கொள் என்பது அடுத்த பதில். இதில் பாதி நியாயம் இருக்கிறது. காசு கொடுக்காதவர் எழுதுகிறவரைத் திட்டுவதற்கு உரிமை கொண்டாடுவது அசிங்கம். ஆக்குநர்களைத் தனிப்பட்ட முறையில் வசைபாடியவர்கள் இந்தக் கோபத்துக்குத் தேடித் தந்தது கெட்ட பெயரை மட்டுமே. ஆனால் 'நீயே எழுதிக்கொள்' என்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு வரலாறு இருக்கிறது. க்னோம் 2ஐக் காப்பாற்ற 2011இல் கிளைத்த மாட்டே திட்டம், பழைய அடித்தள நிரலகத்திலிருந்து அடுத்த தலைமுறைக்கு முழுமையாக மாறி முடிக்க 2017 ஆயிற்று. லினக்ஸ் மின்ட் என்ற வழங்கல் முதலில் நீட்டிப்புகளை வைத்துச் சமாளிக்கப் பார்த்தது. முடியாமல் சின்னமன் என்று முழு டெஸ்க்டாப்பையே தனியாகக் கிளைக்க வேண்டிவந்தது, கோப்பு மேலாளரையும் நீமோ என்று பிரித்துக்கொண்டது. லினக்ஸ் கணினிகளை விற்கும் அமெரிக்க நிறுவனமான சிஸ்டம்76, க்னோமின் மேல் நீட்டிப்புகளை அடுக்கிக் களைத்துப்போய், காஸ்மிக் என்ற டெஸ்க்டாப்பை அடித்தளத்திலிருந்து எழுதப்போவதாக 2021இல் சொன்னது; சோதனைப் பதிப்பு 2024 ஆகஸ்டில்தான் வந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்தப் பாடு. கட்டற்ற மென்பொருளில் மாற்றும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்கிறோம். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும் கடைக்காரருக்கும் அந்தச் சுதந்திரம் வந்துசேரும் ஒரே வாசல் அமைப்புப் பெட்டிதான். அதைச் சுருக்கச் சுருக்க, சுதந்திரம் நிரலாளர்களின் தனிச்சொத்தாகிறது.

கேடிஇதான் இருக்கிறதே, அங்கே போகலாமே? போகலாம், நிறையப் பேர் போயிருக்கிறார்கள். இயல்பில் எளிமை, வேண்டும்போது ஆற்றல் என்ற கொள்கையை அந்தத் திட்டம் வெளிப்படையாக வைத்திருக்கிறது. ஆனாலும் எதையும் மாற்றலாம் என்பது கேடில்லாத சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 மார்ச்சில், யாரோ எழுதிப் பதிவேற்றிய கேடிஇ தீம் ஒன்றை நிறுவிய பயனர் ஒருவரின் கோப்புகளையே அது அழித்துவிட்டது. தோற்றத்தை மாற்றும் தீம் என்ற பெயரில் வந்தது உள்ளே கட்டளைகளை இயக்கும் அனுமதி பெற்றிருந்ததே காரணம். சமையலறையை யார் வேண்டுமானாலும் வந்து மாற்றலாம் என்று விட்டால் உப்பு டப்பாவில் எதைப் போட்டிருப்பார்கள் என்று தெரியாது. செயலி எழுதுகிறவர்களின் முறையீடும் இதை ஒட்டியதே. 2019இல் க்னோம் செயலிகளை எழுதும் பலர் சேர்ந்து, எங்கள் செயலிகளுக்குத் தீம் போடாதீர்கள் என்று லினக்ஸ் வழங்கல்களுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். வழங்கல் மாட்டிய நிறத்தால் எழுத்து பின்னணியோடு கலந்து மறைகிறது. பயனர் வந்து கேட்பது செயலியை எழுதியவரிடம். தான் செய்யாத பிழைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எவருக்கும் பொறுமை இருக்காது.

அந்த முறையீட்டுக்குச் செய்த பரிகாரம்தான் மறுபடியும் பழைய வழியில் போயிற்று. 2021இன் கடைசி நாளில் வெளியான லிப்அட்வைட்டா என்ற நிரலகத்தைப் பயன்படுத்தும் செயலிகள் வெளித் தீம்களை ஏற்பதில்லை. வெளிர், கருமை என்ற இரண்டோடு சரி. அடையாள நிறம் ஒன்றையாவது மாற்றிக்கொள்கிறோம் என்ற கோரிக்கைக்கு உபுண்டு 2022 ஏப்ரலிலேயே தன் சொந்தச் செலவில் வழி செய்துவிட்டது. க்னோமில் அது வந்தது 2024 செப்டம்பரில், 47ஆம் பதிப்பில். ஒன்பது நிறங்கள், பாதுகாப்பாகத் தேர்ந்தவை, எழுத்தை மறைக்காதவை, செயலி எழுதுகிறவர் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளக்கூடியவை. இந்தச் சின்ன வசதியில்தான் இந்த விவாதத்துக்கான விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எதையும் செய் என்ற கட்டவிழ்ப்பும் அதில் இல்லை, எதையும் தொடாதே என்ற பூட்டும் இல்லை. எல்லை வகுத்த, வாக்குறுதி தந்த ஒரு மூட்டு அது. முன்பே செய்திருந்தால் இடையில் நடந்த சண்டையில் பாதியாவது குறைந்திருக்கும்.

நீட்டிப்புகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும். இதற்கு வழிகாட்ட ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது. உலாவியின் உள்ளே கைவிட்டு எதையும் மாற்றும் பழைய நீட்டிப்பு முறையை 2017 நவம்பரில் 57ஆம் பதிப்போடு மொஸில்லா கைவிட்டு, வரையறுத்த இடைமுகத்தைக் கொண்டுவந்தது. பலருக்குப் பிடித்த நீட்டிப்புகள் அன்று செத்தன, வருத்தம்தான். ஆனால் பதிப்புக்குப் பதிப்பு உடையும் நோய் பெருமளவு தீர்ந்தது. க்னோமில் இப்போது இரண்டு பக்கமும் நஷ்டம்: நீட்டிப்பு ஷெல்லின் உயிர்நாடியையே பிடித்திருப்பதால் ஒரு பிழை முழுத் திரையையும் வீழ்த்தக்கூடும், அப்படிப் பிடித்தும் ஆறு மாதத்துக்கு மேல் நிலைப்பதில்லை. பட்டையில் ஒரு சின்னம் வைக்க, பட்டையை இடம்மாற்ற, சாளரங்களை அடுக்க என்று நாலைந்து வேலைகளுக்கு மட்டும் உடையாத கைப்பிடி தந்தால் போதும். ஆக்குநர்கள் தங்கள் சுத்தமான திரையை இயல்புநிலையாக வைத்துக்கொள்ளட்டும், எவரும் குறை சொல்லப்போவதில்லை. 2025இல் வந்த க்னோம் 49 சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 என்ற பழைய அமைப்பில் இயங்கும் அமர்வை இயல்புநிலையில் முடக்கிவிட்ட பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. பகுதிகளைக் கழற்றி மாட்டப் பழைய தலைமுறைக்கு இடம் தந்த கடைசிக் கதவும் சாத்தப்படுகிறது. வடிவமைப்பை வாக்கெடுப்பில் தீர்மானிக்க முடியாது என்று, சாளரப் பொத்தான்களை இடப்பக்கம் மாற்றிய 2010ஆம் ஆண்டுச் சர்ச்சையின்போது உபுண்டு நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் சொன்னார். அது சரியான பேச்சுதான். ஆனால் அவருடைய வழங்கலே பிறகு எந்தப் பக்கம் வாக்களித்தது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று உபுண்டுவைப் புதிதாக நிறுவினால் இடப்பக்கம் செயலிப் பட்டை இருக்கிறது, மேலே சிறு சின்னங்கள் இருக்கின்றன, டெஸ்க்டாப்பின் மேல் கோப்பு வைக்கலாம், சாளரத்தில் மூன்று பொத்தான்களும் இருக்கின்றன. க்னோமின் இயல்புநிலையில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது.